தோள்வலி

முதலில் வலித்தது தோள்தான்.
ரீகாவில் டிராம் ஓட்டுகிறவளுக்குத் தோள் வலிப்பது
ஒரு செய்தியா?
பிப்ரவரிப் பனியில் எட்டு மணி நேரம்
கைப்பிடியைத் தள்ளி இழுத்தால்
யாருக்குத்தான் வலிக்காது.
தைலம் தேய்த்துக்கொண்டு
விடியல் வண்டியை எடுத்தேன்.

பாலத்தின் நடுவில் கண் இருட்டியது.
கீழே டௌகவா உறைந்து கிடந்தது.
வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறக்கவில்லை.
பாலத்தில் கதவைத் திறக்கக் கூடாது,
அது மட்டும் நினைவிருந்தது.
பின்னாலிருந்து யாரோ கண்ணாடியைத் தட்டி
நேரமாகிறது என்றார்.

வயிற்றுக்குள் கசிகிற ரத்தம்
தோளில் போய் வலிக்குமாம்.
நரம்புக்கும் முகவரி தப்பும் என்றார் டாக்டர் ஸ்கூயா.
ஏழு வாரம்.
இடப்பக்கக் குழாய்.
இப்போது குழாயும் இல்லை.

தொப்புளில் ஒன்று, கீழே இரண்டு,
பொத்தான் துளைகள் போல மூன்று தழும்பு.
வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தாளில்
கர்ப்பம்: 1
பிரசவம்: 0
அவ்வளவுதான் கணக்கு.

பணிமனையில் ஜீத்ரா என் கையைப் பிடித்துக்கொண்டு
பாவம், தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டது என்றாள்.
நல்ல மனசு அவளுக்கு.
ஆனால் நானும் வண்டி ஓட்டுகிறவள், ஜீத்ரா.
அது இறங்கவேயில்லை.
இறங்கப் பார்த்த இடத்தில்
நடைமேடையே இல்லை.

மோத்ரிஸ் ஒன்றும் சொல்லவில்லை.
மார்ச்சில் ஒருநாள்
வெள்ளரி ஊறுகாய் ஜாடி திறக்கவில்லையென்று
சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதான்.
மூடிக்காகத்தான் அழுகிறான் என்று
நானும் நம்பினேன், அவனும் நம்பினான்.
ஜாடி இன்னும் திறக்காமல்தான் இருக்கிறது.

மூன்று மாதம் போகட்டும், பிறகு முயலலாம் என்றார்கள்.
போனது.
காலண்டரில் பச்சை வட்டங்கள்.
கால அட்டவணைப்படி கூடுவது எனக்குப் புதிதா என்ன,
நிமிடம் பிசகினால் சம்பளத்தில் பிடிக்கும் வேலை!
அதைச் சொன்னதும் அவன் சிரித்துவிட்டான்.
நானும்.
அன்றைய வட்டம் வீணானது.
அதற்காக வருத்தப்படவில்லை.

ஆசைப்படும்போதே பயமும் வந்து
அதே நாற்காலியில் உட்காருகிறது.
எங்காவது லேசாகச் சுண்டினாலும்
எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று
கை போய் அமுக்குகிறது.
விடாய் வந்தால் அழுகை.
ஒருநாள் தள்ளினால்
அழுகைக்கும் மேலே ஏதோ ஒன்று.

டாக்டர் ஸ்கூயா சொன்னார்:
இடச் சினைப்பை விடுகிற முட்டையை
சில சமயம் வலக்குழாய் எட்டி ஏந்திக்கொள்ளும்.
அன்று வீடு வரை நடந்தே வந்தேன்.
ஓடுகிற வண்டியிலிருந்து யாரோ
சன்னலுக்கு வெளியே கை நீட்டுகிறார்கள்
எனக்குள்ளே,
எனக்குத் தெரியாமல்.

லீகோ இரவில் ஊரே நெருப்பைச் சுற்றி நிற்கும்.
நள்ளிரவில் ஜோடி ஜோடியாகப்
பெரணிப்பூ தேடிக் காட்டுக்குள் போவார்கள்.
பெரணி பூக்காது. பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.
எதற்குப் போகிறார்கள் என்பதும் தெரியும்.
கருவாலி இலைக் கிரீடத்தோடு மோத்ரிஸ் முன்னால் நடந்தான்.
ஈரப்பாசியில் உட்கார்ந்து
பாலாடைக்கட்டி தின்றோம்.
கொசு தின்றது எங்களை.

இந்நேரம் ஆறு மாதம் இருக்கும் என்றான் திடீரென்று.
நாலு மாதத்தில்
அவன் வாயிலிருந்து வந்த முதல் கணக்கு.
ஆமாம் என்றேன்.
உதைத்திருக்கும் என்றேன்.
அதற்குப் பிறகு
அங்கே எதையும் தேடவில்லை நாங்கள்.
வானம் இருட்டவும் இல்லை.

இது அக்டோபர்.
இரண்டு கோடு விழுந்து பதினாறு நாள்.
எத்தனை என்றோ எப்போது என்றோ கேட்க மாட்டோம்.
எங்கே? அது போதும்.
அதைச் சொல்லத்தான் இந்த மருத்துவமனை,
இந்தக் காத்திருப்பு,
மோத்ரிஸ் மடியில் இரண்டு குளிர்த்தொப்பி.

தாதி கூப்பிடுகிறாள்: விஸ்மா.
எழுந்திருக்கிறேன்.
தோள் வலிக்கிறது.

நேற்றுக் கடைசி வண்டி என்னுடையது.
அதனால்தான் இருக்கும்.
அதனாலேயே இருக்கட்டும்,
வெறும் தோள்வலி.